கடைசிக் குழாயில் மஞ்சள் தெரிகிறது, மதினி

என் வாயாடி மதினிக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு தண்ணீர் டேங்க் அறைச் சாவி என் இடுப்புக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. சூரியநெல்லிக்கு மேலே இருக்கிற நம் எஸ்டேட் லயத்து வீடுகளில், தண்ணீரில் மருந்து கலந்து திறந்துவிடுகிற உன் வேலைக்கு யாருமே முன்வரவில்லை. தண்ணீர்க் கமிட்டிக் கூட்டத்தில் என் அண்ணன்தான் எழுந்து, "பாண்டியம்மா பாக்கட்டும். தண்ணிக்காக இவகூட நாளும் பொழுதும் மல்லுக்கு நின்னவ அவதான" என்றார். உன் புருஷனுக்கு அழுகையிலும் குசும்பு போகவில்லை.

மல்லுக்கு நின்றது உண்மைதானே? நாம் தேயிலைக் காட்டு ஆட்கள். தண்ணீர் நல்லதா என்று கேட்டால் டீ போட்டுக் குடித்துப் பார்த்துத்தான் பதில் சொல்வோம். டீயில் மருந்து வாடை அடித்தால் தண்ணீர் கெட்டது, அவ்வளவுதான். நீ கலக்குகிற பிளீச்சிங் பவுடரை நான் எத்தனை தடவை ஏசியிருப்பேன்!

உன் வீட்டு டீயில் மட்டும் வாடையே இருக்காது. "மருந்து ஊத்துறதுக்கு முன்னாடியே ஒனக்கு மட்டும் ஒரு கொடம் பிடிச்சு வச்சுக்கிடுதியோ?" என்று ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டேன். நீ கோபப்படவில்லை. "அடுப்படிக்கு வந்து பாருடி" என்று சிரித்தாய். வீம்புக்கு நான் வரவில்லை.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். நீ கேட்டால் என் முடியைப் பிடித்து உலுக்குவாய். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மழையில் நம் முருகேசனுக்கு நிச்சயம் வைத்தோம். என் மகனுக்குப் பெண் போடியில். சம்பந்தி வீட்டார் இரண்டு ஜீப்பில் போடிமெட்டு ஏறி வந்தார்கள். எஸ்டேட்காரி வீட்டு டீ வாயில் வைக்க விளங்கவில்லை என்று அவர்கள் ஊர் போய்ச் சொன்னால் என் மானம் என்ன ஆவது? அதற்காக முந்தின நாள் காலையிலேயே பிளீச்சிங் பவுடர் கரைத்து வைத்த மருந்து டிரம்மின் குழாயைப் பாதிக்கு மேல் திருகி அடைத்தேன்.

ஓடையோ செம்மண் கரைத்த மாதிரி கலங்கி வந்துகொண்டிருந்தது. தண்ணீர் கலங்கினால் அழுக்கே மருந்தைத் தின்றுவிடும், அப்போதுதான் கூடுதலாக விட வேண்டும் என்று பஞ்சாயத்துப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

டேங்க் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து, சோதனை மருந்தைச் சொட்டு விட்டுப் பார்த்தேன். தண்ணீரில் மருந்து இருந்தால் மஞ்சளாக மாறும்; இலேசாக மஞ்சள் தெரிந்தது. போதும் என்று வந்துவிட்டேன். கடைசிக் குழாய்வரை இறங்கிப் போகவில்லை. அது உன் மகள் செல்வி வீட்டு வாசலில்தானே இருக்கிறது, மதினி.

சம்பந்தி என் டீயைப் புகழ்ந்து தள்ளினார். இரண்டு நாள் கழித்து, உன் பேத்தி தர்ஷினிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் என்று செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பக்கத்து வீட்டிலும் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். நான் அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டேன். நிறமே மாறவில்லை.

டிரம் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள் என்று வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிள்ளைக்குக் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னக் கையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் செல்வியிடம் கொட்டிவிட்டேன்.

அவள் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, "எங்கம்மா இருந்தா ஒங்கள அடிச்சிருக்கும், அத்தே" என்றாள். "அடிக்கட்டும் தாயி" என்றேன்.

"ஒரு டீக்காகவா? அம்மா தண்ணிய மூடாம, தளதளன்னு நல்லாக் கொதிக்கவிட்டு, அதுக்குப் பொறவுதான் தூளப் போடும். வாடை அதுலயே போயிரும். நீங்கல்லாம் பச்சத் தண்ணியிலயே தூளப் போட்டு மூடி வச்சா வாடை வராம என்ன செய்யும்?"

இதைத்தான் நீ அடுப்படிக்கு வரச்சொல்லிக் காட்ட நினைத்தாயா? எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

பிள்ளை மூன்றாம் நாள் இட்லி கேட்டாள். மற்ற இருவரும் தேறிவிட்டார்கள். அந்த வாரமே கமிட்டியைக் கூட்டி, செய்ததை ஒளிக்காமல் சொல்லிச் சாவியை நடுவில் வைத்தேன். சிலர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஏசட்டும், நியாயம்தானே. கடைசியில் சாவியை எடுத்தவள் செல்வி.

"அத்தைட்டயே இருக்கட்டும். அவுகளுக்கு இனி பயம் இருக்கும். ஆனா தெனமும் காலையில எங்க வீட்டுக் கொழாயில எங்கண்ணு முன்னால பாத்துட்டுத்தான் வேலைக்குப் போகணும்."

நீயாக இருந்தால் கொடுத்திருப்பாயா, மதினி?

அன்றிலிருந்து ஒருநாளும் தவறவில்லை. மழையானாலும் இறங்கிப் போகிறேன். செல்வி ஈரக் கையோடு வெளியே வந்து, சோதனை மருந்து விட்ட கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். "மஞ்சள் இருக்கு, போங்க அத்தே" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பசிக்கிறது. லயத்தில் இப்போது பாதி வீடுகளில் உன் டீதான். மீதிப் பேர் மருந்து வாடைக்காக இன்னமும் என்னை ஏசுகிறார்கள். நான் உன்னை ஏசினதுக்கு இது காணாது.

வருகிற தை மாசம் முருகேசனுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் மறுபடியும் மலை ஏறி வருவார்கள். உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், அன்றைக்கு டிரம்மிலிருந்து ஒரு சொட்டும் குறையாது. செல்வி வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரை, நீ செய்த மாதிரியே கொதிக்கவிட்டு டீ போடுவேன். அதற்கு மேலும் வாடை அடித்தால், வாடையோடு குடிக்கட்டும்.

உன்னிடம் வாங்க வேண்டிய அடி இன்னும் பாக்கியுள்ள
உன் நாத்தனார்,
பாண்டியம்மா