கொன்றை மரத்துக்கு வந்த வாடல்

பிரவீனா அம்மணி,

நேற்று வாசலில் நான், நீ, உன் வீட்டுக்காரன் மோகன்குமார், பக்கத்து வீட்டுப் பங்காளி தம்பிதுரை, அவன் மனைவி, வேளாண் பேராசிரியர் எல்லோரும் இருந்தோம். ஒரு பக்கம் மட்டும் வாடிய மயில்கொன்றையின் கிளையை அவர் அறுத்துக் காட்டினார். பட்டைக்குள் கட்டை முழுவதும் பழுப்புக் கோடுகள். பூஞ்சண வாடல் நோய் என்றார்.

"வேருக்கு ஆசிட் ஊத்துனது நீதான்டா" என்று போன வாரம் தம்பிதுரையைத் தெருவில் நிறுத்திக் கேட்டவன் நான். "மாமா, மொதல்ல கெளைய அறுத்துப் பாக்கலாமுங்க" என்ற உன்னையும் உள்ளே போகச் சொன்னேன்.

நேற்று அவன், "செரிங்கண்ணா, மத்த மரத்தயாச்சும் காப்பாத்துங்க" என்று மட்டும் சொல்லிப் போனான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்று அவன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயித்து உப்புச்சர்க்கரை மாற்றுகிறார்கள். பங்காளிகளில் மூத்தவன் நான். வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். இப்போது அவன் வீட்டுக்குத்தான் போகிறேன். வாசலிலேயே திருப்பி அனுப்பினாலும் அவன் செய்வது நியாயம். நீங்கள் இருவரும் தட்டம் எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு வாருங்கள்.

ஆட்கள் வந்தால், நோய் வந்த இரண்டு மரங்களுக்கும் மற்ற மரங்களுக்கும் நடுவே ஆழமாகக் காடிப் பள்ளம் வெட்டச் சொல். வெட்டிய கிளைகளை அங்கேயே எரித்துவிடட்டும்.

இட்லி சாப்பிட்டுவிட்டேன். சாவி மாடத்தில்.

பி.கு. ஆசிட் கதையை யார் கேட்டாலும் சொல்: தம்பிதுரை எதுவும் ஊற்றவில்லை. நோய் மரத்தில் கிளை கழித்த அரிவாளைத் துடைக்காமல் அடுத்த மரத்தில் வைத்து, அதற்கும் நோயைக் கொண்டுபோனவர் மாமா.