மூன்றாம் வரியில் செய்த தவறு

மார்ச் 12, வியாழன்

நாளை காலை இயற்கணிதத் தேர்வு. இரண்டு முறை தோற்றுவிட்டேன். மூன்றாவது முறையும் தோற்றால் பல்கலைக்கழகத்தில் என் இடம் போய்விடும்.

மதியம் விரிவுரையாளர் டாக்டர் சிவகாமியின் அறைக்குப் போய், இரண்டு நாள் உழைத்து எழுதிய நிரூபணத்தைக் காட்டினேன். அவர் மூன்றாம் வரியிலேயே நின்றுவிட்டார்.

"ஏயை பியால பெருக்கினாலும், பியை ஏயால பெருக்கினாலும் ஒண்ணுன்னு போட்டிருக்கியேம்மா. யாரு சொன்னா?"

"தமிழ்ப்பள்ளியில ஒண்ணாம் ஆண்டு டீச்சர், டாக்டர்."

"அவங்க எண்களுக்குத்தான் சொன்னாங்க. இங்க ஏயும் பியும் எண்கள் இல்ல, வரிசை மாறினா விடையும் மாறலாம். போர்டுல திரும்ப எழுது."

எழுதினேன். இம்முறை ஐந்தாம் வரியில் அதையே செய்தேன். அவர் திட்டவில்லை. அதுதான் உறுத்துகிறது.

தமிழ்ப்பள்ளி ஆறு ஆண்டு உழைத்து மண்டைக்குள் ஏற்றியதை ஒரே பருவத்தில் இறக்கிவிடலாம் என்று பாடத்திட்டம் நம்புகிறது. பாடத்திட்டத்துக்கு என்னைத் தெரியாது.

பிரிக்பீல்ட்ஸில் உள்ள வாடகை அறைக்குத் திரும்பி, அதே நிரூபணத்தை ஏழு முறை எழுதினேன். என்னோடு தங்கியிருக்கும் ரேவதி மருந்தியல் படிப்பவள். கடைசியாக எழுதியதை எட்டிப் பார்த்து, "அரைப் பக்கத்துல முடிச்சிட்டியா? சூப்பர்லா!" என்றாள்.

அந்த அரைப் பக்கம்தான் பயமாக இருக்கிறது. இவ்வளவு சுலபமாக முடிந்தது என்றால் எங்கோ ஒரு வரியில் வரிசையை மாற்றியிருப்பேன். நான்கு முறை படித்தும் அந்த வரி அகப்படவில்லை. ஒருவேளை நிரூபணம் சரியாகவே இருக்கலாம். அப்படி இருந்தாலும் அதைக் கண்டுகொள்ளும் அளவுக்கு எனக்கு இந்தப் பாடம் தெரியாது.