வாசலில் கூப்பிட்ட பெயர்

நவம்பர் 14, வெள்ளி

மொன்றியல் ஆவணக் காப்பகத்தில் பழைய மிஷன் கடிதங்களைக் கணினியில் ஏற்றுகிறேன். இன்று படித்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்துத் தகப்பன் ஒருவர் வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு எழுதியது. "அரசாங்கக் கச்சேரித் துரை ஆளனுப்பிக் கேட்டபடியால் பள்ளிக்கூடம் கட்டக் காணி தந்தேன். அங்கே வைத்திருக்கும் என் மகளையாவது திருப்பித் தாருங்கள். வாசலில் நின்று வள்ளி, வள்ளி என்று கூப்பிட்டேன். அப்படி ஒரு பிள்ளை இல்லை, மேரிதான் இருக்கிறாள் என்றார்கள்."

ஓரத்தில் பாதிரியார் ஆங்கிலத்தில் குறித்திருந்தார்: பதில் வேண்டாம்.

பட்டியலில் பள்ளியில் வைத்த பெயரையே போட வேண்டும் என்பது விதி. நான் வள்ளி என்று போட்டுவிட்டேன். திங்கட்கிழமை கேட்பார்கள்.

இதே நகரில் லாசால் பகுதியில் இருக்கும் தம்பிக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

"அக்கா, அந்தப் பாதிரிமார் வராட்டி நாங்கள் படிச்சே இருக்க மாட்டம்."

"ஓம். அவையள் படிப்பிச்ச இங்கிலீசிலதான் அந்த ரெண்டு சொல்லையும் வாசிச்சனான்."



படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுந்து இதை எழுதுகிறேன். அவர் கூப்பிட்டபோது அவள் உள்ளேதான் இருந்திருக்கிறாள். அப்பாவின் குரல் கேட்டிருக்கும்.