கைமாத்து லீவு

பிப்ரவரி 6

அடியே ஈரம்,

நல்லா இருக்கியா? வீட்டுக்காரர் முதுகு வலி தேவலையா? நான் இருக்கேன். தம்பி வீடு மூணாவது மாடி. சாமான் போடற அறையில எனக்குக் கட்டில் போட்டுக் கொடுத்திருக்காங்க. சின்ன அறைதான், ஆனா ஜன்னல் இருக்கு, வெளிச்சம் தாராளமா வருது. தம்பியோட பெண் குழந்தை அவசரப்பட்டுப் பிறந்து எலும்பும் தோலுமா இருந்தா. இப்பக் கன்னம் உப்பிப்போய் என்னைப் பார்த்து முறைக்கிறா. அப்படியே நம்ம சூப்பர்வைசர் ஜாடை.

போன்ல பேசினா வீடே கேக்கும். தம்பி பொண்டாட்டி பிரசவ லீவு முடிஞ்சு, கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே கம்ப்யூட்டர்ல ஆபீஸ் வேலை பார்க்கிறா. அதான் கடுதாசி.

விஷயத்துக்கு வரேன். கம்பெனியில என் கணக்கை முடிச்சு அனுப்பிட்டாங்க. கணக்கை எங்க முடிச்சாங்க, என்னையில்ல முடிச்சிருக்காங்க! குழந்தையைப் பார்த்துக்கத் தம்பி கூப்பிட்ட அவசரத்துல ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு, நோட்டீஸ் காலம் முடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறினேன் இல்லையா? குறையற நாளை என் வருஷ லீவுல கழிச்சுக்குவாங்க, மிஞ்சற லீவுக்குக் கையில காசா வரும்னு நிம்மதியா இருந்தேன். வேலையை விட்டவங்க எல்லாருக்கும் அப்படித்தானே செஞ்சாங்க. வந்த பணத்தைப் பார்த்துட்டுக் கணக்கருக்குப் போன் பண்ணினேன். "உங்களுக்கு லீவே பாக்கி இல்லையேம்மா, ஒண்ணு விடாம எடுத்திருக்கீங்களே"ன்னார். குறைஞ்ச நாளுக்குக் கடைசிச் சம்பளத்துல பிடிச்சுட்டாங்களாம்.

நான் எங்கடி எடுத்தேன்? அப்புறம்தான் உறைச்சுது. உங்கம்மா படுத்த படுக்கையா கிடந்தப்ப உன் லீவு தீர்ந்துபோச்சு. நம்ம சலவைக் கூடத்துல எல்லாரும் பண்ற கைமாத்தை நாமளும் பண்ணினோம். லீவை என் பேர்ல எழுதிட்டு, உன் வருகைக் கார்டை நான் அடிச்சு உன் மிஷின்ல நிப்பேன். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்துக்கிட்டே போவார். "இன்னிக்கு நீதான்டி நான்"னு கார்டைக் கையில திணிச்சுட்டு ஓடுவியே! லீவுல வீட்டுல உட்கார்ந்தவளுக்கு எடுத்த ஞாபகம் இருக்கும். ஒரு நாள் விடாம ஓட்டல் படுக்கைவிரிப்பு தேய்ச்சவளுக்கு எப்படி இருக்கும்?

நீ கம்பெனி மாடிக்குப் போய்க் கணக்கர்கிட்ட அந்த லீவைப் பத்தி ஒரு வார்த்தை பேசிப் பாரு. எப்படிப் பேசணும்னு உனக்குத் தெரியும். அந்தப் பணத்துல தையல் மிஷின் வாங்கி இந்த ஜன்னலுக்குக் கீழ போடப்போறேன்னு தம்பிகிட்ட வாய் கிழியச் சொல்லிட்டு வந்தேன். நான் வளர்த்த பிள்ளைதான், இல்லைன்னு சொல்லலை. இருந்தாலும் ஒரு சோப்பு வாங்க அவன் முகத்தைப் பார்த்து நிக்கணும்னா என்னால ஆகாது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் கஞ்சி

(விறைப்பா நிக்கறேன்னு நீ வெச்ச பேரு, ஈரத் துணியோட நிக்கற உனக்கு நான் ஈரம்னு வெச்ச மாதிரி. இங்க கூப்பிட ஆளில்லை.)


பிப்ரவரி 17

அன்புள்ள கஞ்சிக்கு,

உன் கடுதாசி வந்துது. வீட்டுக்காரர்தான் வாங்கி வெச்சிருந்தார். அவர் முதுகு இன்னும் நிமிரலை. அவர் கடையைத் திறந்து எத்தனை நாளாச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு.

உன் மிஷின்ல ஒரு புதுப் பொண்ணைப் போட்டிருக்காங்க. விரிப்பைத் தேய்க்கிற உருளைக்குள்ள விடறதுக்குள்ள ஆயிரம் மடிப்பு. நேத்து ஒரு ஓட்டல்லேர்ந்து மூட்டையோட திருப்பி அனுப்பிட்டாங்க. சூப்பர்வைசர் என்கிட்ட வந்து, "அந்த விறைப்பு அம்மா இருந்திருந்தா இப்படி ஆகுமா"ன்னு புலம்பறார். இருந்தப்ப உன்னை ஒரு நாள் பாராட்டியிருப்பாரா? டீயும் தண்ணியாப் போச்சு. உன் இடத்துல உட்கார்ந்து குடிக்க எனக்குப் பிடிக்கலை, நின்னுக்கிட்டே குடிச்சுட்டு வந்துடறேன்.

குழந்தைக்கு ஒரு சட்டை அனுப்பியிருக்கேன். அளவு பெருசாத்தான் இருக்கும், வளரட்டும்.

நீ எழுதின அந்த விஷயம். கணக்கர் வெளியூர் போயிருக்கார்னு சொன்னாங்க. வரட்டும், பார்க்கலாம். இப்ப மேல ஒரு புது அதிகாரி வந்திருக்கார், கார்டு விஷயத்துல ரொம்பக் கெடுபிடி. அம்மா போனதுக்கப்புறம் நீ அந்த லீவைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. மனசாரக் கொடுத்துட்டேன்னுதான் நினைச்சுட்டிருந்தேன். என் வீடு இப்ப என் ஒருத்தி சம்பளத்துலதான் ஓடுது, உனக்குத் தெரியாததா?

உடம்பைப் பார்த்துக்கோ. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
ஈரம்


பிப்ரவரி 25

ஈரம்,

சட்டை வந்துது. நல்ல சட்டை.

மனசாரத்தான் கொடுத்தேன். யார் இல்லைன்னா? நீ கேக்கக்கூட இல்லை, நானாத்தான் கொடுத்தேன். உங்கம்மா கடைசியா உன் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்கன்னு நீ வந்து சொன்னப்ப, கூடத்துக்குப் பின்னாடி நின்னு நானும்தான் அழுதேன். அதை இப்பப் பணமாக்கிக் கேக்கறேன்னு நினைக்கிறியா? நினைச்சுக்கோ.

நான் உன்னை வேலையை விட்டுப் போகச் சொல்வேனாடி? எனக்குத் தெரியாதா, நீ வாயைத் திறந்தா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு? "போய்ச் சொல்றேன்டி"ன்னு நீ எழுதுவேன்னு பார்த்தேன். உடனே "வேண்டாம், விட்டுத்தொலை"ன்னு நான் எழுதியிருப்பேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்துது. நீ என்னடான்னா கணக்கர் வெளியூர்ங்கற. அந்த மனுஷன் என்கூட அவர் மேஜையிலேர்ந்துதான் போன்ல பேசினார். உன் கடுதாசிக்கு முந்தின நாளும் பேசினார்.

இங்க எப்படி இருக்குன்னு கேக்கலையே நீ. நானே சொல்றேன். தம்பி பொண்டாட்டி ஆபீஸ் பேச்சு பேசறப்பக் குழந்தை அழக்கூடாது. அதனால விடிஞ்சதுலேர்ந்து தோள்ல போட்டுக்கிட்டு நடையில நடக்கறேன். நாலு நாளா ஜுரம். மாத்திரையைப் போட்டுக்கிட்டு நடக்கறேன். தம்பி கெட்டவன் இல்லை, அவளும் கெட்டவ இல்லை. தையல் மிஷின் பேச்சை எடுத்தா, "உனக்கென்னக்கா செலவு இருக்கு"ன்னு சிரிக்கிறான். எனக்கு என்ன செலவு இருக்கு! அதைக் கேட்டுட்டுத் துணி மடிக்கப் போயிட்டேன்.

சலவைக் கூடத்துல லீவு எழுதிக் கொடுக்கவாவது ஒரு ஆள் இருந்தார். இங்க யார்கிட்ட எழுதிக் கொடுக்க?

பதில் போட வேண்டாம். எனக்கு மனசு விட்டுப்போச்சு.

கஞ்சி


மார்ச் 12

என் கஞ்சிக்கு,

போட வேண்டாம்னு சொன்னாலும் போடறேன். கோபம் தீர நாலு அறை அறைஞ்சுட்டுப் பேசு, வாங்கிக்கறேன்.

கணக்கர் எங்கயும் போகலை. பொய் சொன்னேன். உன் கடுதாசியைப் படிச்ச அன்னைக்கு மாடிப்படி வரைக்கும் போனேன். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மேல டைப் அடிக்கிற சத்தம் கேட்டுது. ஈரத் துணி வண்டியைத் தள்ளிக்கிட்டுத் திரும்பிட்டேன். அடுத்த நாளும் போனேன், அதே கதைதான். என்னால முடியாதுடி. முடியும்னு எழுதி உன்னை ஏமாத்தவும் முடியலை. வேலை போச்சுன்னா வீட்டுக்காரருக்கு மருந்து வாங்க வழியில்லை.

உனக்கு வேண்டியிருந்த ஒரு வார்த்தையைக்கூட நான் எழுதலை.

ஆனா ஒண்ணு பண்ணியிருக்கேன். என் பேர்ல இந்த வருஷத்து லீவு முழுசா இருக்கு. அத்தனையும் எழுதிக் கொடுத்துட்டேன். சூப்பர்வைசர், "முழுசும் ஒரே மூச்சுல எடுத்துட்டு அப்புறம் என்ன பண்ணுவ"ன்னார். கைமாத்து வாங்கினேன் சார், திருப்பணும்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கிட்டே கையெழுத்துப் போட்டார். வீட்டுக்காரருக்குச் சமைச்சுப்போட அவர் தங்கச்சி வரேன்னுட்டா.

சனிக்கிழமை காலைல அங்க இருப்பேன். இந்தக் கடுதாசி முன்னாடி வருதோ, நான் முன்னாடி வரேனோ. கதவைத் திறந்து வெளியில போன்னு சொன்னாலும் படியிலயே உட்கார்ந்திருப்பேன். என்னைத் தெரியும்ல?

உன் ஈரம்


மார்ச் 20

அடியே ஈரம்,

இதை உன் வீட்டு விலாசத்துக்குத்தான் போடறேன். நீ ஊர் திரும்பறப்ப அங்க காத்துக்கிட்டிருக்கும். இப்ப நீ மூணாவது மாடியில குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கற. நான் தபாலாபீசுக்கு எதிர்ல பூங்கா பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். நேர்ல சொல்ல வரமாட்டேங்குது.

முதல்ல திட்டை முடிச்சுக்கறேன். மாடிப்படியில நின்னுட்டுத் திரும்பிட்டேன்னு எழுதினியே, அதைப் படிச்சதும் கடுதாசியைக் கசக்கி மூலையில எறிஞ்சேன். அப்புறம் எடுத்து நீவி வெச்சேன். பணம் போனது போனதுதான், எனக்கு வயித்தெரிச்சல் இன்னும் அடங்கலை. நீ இத்தனை நாள் என்கூடப் படுத்துத் தூங்கினாலும் அது அடங்காது. இதை மறைச்சுட்டு உன்கிட்டச் சிரிச்சா நல்லா இருக்காது, அதான் எழுதிட்டேன்.

ஆனா சாப்பாட்டு மேஜையில நீ பேசினது! நான் தட்டைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டேன். "தம்பி, உங்க அக்கா இங்க வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அவளுக்கு லீவு எப்ப?"ன்னு, ஏதோ உப்பு கேக்கற மாதிரி கேட்டுட்டு நீ பாட்டுக்குச் சாப்பிடற. தம்பி பிசைஞ்ச சோத்தைத் தட்டுலயே வெச்சான். அவன் பொண்டாட்டிதான் மெதுவா, "அண்ணி கேக்கவே இல்லையே"ன்னா. உண்மைதான்டி. நான் யார்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்லை. என் வாழ்நாள்ல வாய் விட்டுக் கேட்டது உன்கிட்ட மட்டும்தான். அதனாலதான் அவ்வளவு வலிச்சுது.

இனிமே ஞாயித்துக்கிழமை அவங்க ரெண்டு பேரும் பார்த்துக்கறாங்களாம். மிஷின் பேச்சைத் தம்பியே எடுத்தான். நான் இன்னும் பதில் சொல்லலை. இங்க வர்ற வழியில மிஷின் விக்கிற கடை இருக்கு. கண்ணாடிக்கு வெளியில ரொம்ப நேரம் நின்னேன். என்ன விலைன்னு கேக்க உள்ள போகத் தைரியம் வரலை. அப்பத்தான் மாடிப்படிக்குக் கீழ கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன உன்னை நினைச்சுக்கிட்டேன்.

திரும்பறப்ப உள்ள போய்க் கேக்கப்போறேன். சும்மா கேக்கத்தானே.

இது உன் கைக்கு வர்றப்ப உதவாது, இருந்தாலும் எழுதறேன். பாலைக் கொதிக்க விடாதே, லேசாச் சுட்டாப் போதும். இடது தோள்ல போட்டா அழுவா, வலது தோள்தான் அவளுக்குப் பிடிக்கும். அஞ்சு மணிக்கு முன்னாடி நான் வரமாட்டேன். அதுவரைக்கும் அங்க நீதான்டி நான்.

கஞ்சி