இப்போது எடுத்தால் நஷ்டம்

இன்று மதியம் உன் பெயருக்கு ஒரு தபால் வந்தது. உறையின் மேல் உன் முழுப்பெயர், அதற்குக் கீழே சிட்லபாக்கத்தில் இருக்கும் என் வீட்டு முகவரி. தபால்காரர் புதியவர். "இன்னாம்மா, இந்தப் பேர்ல இங்க யாராச்சும் கீறாங்களா?" என்று கேட்டார். இருந்தாங்க என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால் நீ ஒரு நாள் கூட இந்த வீட்டில் இருந்ததில்லை. "குடுங்க, என் ஃபிரெண்டுதான்" என்று வாங்கிக்கொண்டேன்.

உள்ளே ஒரே ஒரு தாள். உன் மியூச்சுவல் ஃபண்ட் கணக்கில் இனி எதுவும் இல்லை, எல்லாம் ஏற்கெனவே நாமினி பெயருக்கு மாற்றப்பட்டுவிட்டது என்று இருந்தது. இனிமேல் உன் பெயரில் எனக்குத் தபால் வராது. 

தாம்பரத்தில் ஒரே பள்ளியில் நாம் வேலை பார்த்தோம். நான் கணக்கு, நீ அறிவியல். சம்பளம் வரும் நாளில் மற்ற டீச்சர்கள் எல்லாம் கைப்பேசியைப் பார்ப்பார்கள்; நீ மட்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பாய். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "கார்டு அவர் பர்ஸ்ல இருக்கு. மெசேஜ் அவர் போனுக்குப் போகும். எனக்குக் காலைல பஸ்ஸுக்கு அம்பது ரூபா. சாயங்காலம் மிச்சம் கேப்பாரு" என்றாய். புகார் சொல்லும் குரலே இல்லை. பாடத்தில் ஒரு வரியை வாசிப்பது போல் சொன்னாய்.

உன் கணவர் கையை ஓங்கியவர் இல்லை. அதனால்தான் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஒரு மனை வாங்கினார், உன் பெயரில் கடன் போட்டு. அது முடிவதற்குள் பக்கத்திலேயே இன்னொன்று. மண் எங்கும் ஓடிப்போகாது என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாடு முடிந்ததும் உன்னையும் குழந்தையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அதைக் காட்டுவார். "எல்லைக் கல்லு மேல உக்காந்திருந்தேன்டி. சுத்தி முழங்கால் அளவு புல்லு. என் சம்பளம் மொத்தமும் அதுதான்" என்று திங்கட்கிழமை வந்து சொன்னாய்.

முதலீடு பற்றிய ஒரு புத்தகத்தை ஸ்டேஷன் அருகே நடைபாதைக் கடையில் நான்தான் வாங்கினேன், எனக்காக. மதிய இடைவேளையில் நீயும் அதை எட்டிப் பார்க்க ஆரம்பித்தாய். உன் அறிவியல் கூடத்தில், பின்வரிசை மேசையில், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு இருவரும் படித்தோம். இருவருக்குமே ஒன்றும் தெரியாது. பணவீக்கம் என்றால் என்ன, கூட்டு வட்டி ஏன் முதல் சில வருடங்களில் சோம்பிக் கிடக்கிறது என்றெல்லாம் நான் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். ஒரே இடத்தில் போடாமல் பிரித்துப் போட வேண்டும் என்ற அத்தியாயத்தை மட்டும் நீ எனக்கு விளக்கினாய். "ஒரே பயிர் போட்ட வயல்ல ஒரு பூச்சி வந்தா போதும், மொத்தமும் போச்சு. இதத்தான் எட்டாவதுக்கு நடத்துறேன். எங்க வீட்டுல எல்லாத்தையும் கூடுவாஞ்சேரில போட்டு வெச்சிருக்காரு." அன்று நீ சிரித்தது நினைவிருக்கிறது.

பள்ளி முடிந்து நீ எடுத்த சிறப்பு வகுப்புக்குக் கையில் கொடுத்த பணம் அவருக்குத் தெரியாது. அதை வைத்துத் தொடங்கினோம். பள்ளிக்கு எதிரே இருந்த வங்கியில் தனிக் கணக்கு. கடிதம் வர என் முகவரி. மெசேஜ் வர ஒரு பழைய பட்டன் போன், அது அறிவியல் கூடத்து அலமாரியில் அமில பாட்டில்களுக்குப் பின்னால். ஃபண்டுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய். பிறகு ஆயிரம், பிறகு மூவாயிரம். விண்ணப்பத்தில் நாமினி இடத்தில் உன் மகள் பெயரை எழுதினாய். பணம் எதற்கு என்று அப்போது கேட்டேன். "பாப்பா படிப்புக்கு" என்றாய். அப்படியானால் நிறைய வருடம் இருக்கிறது, பெரும்பகுதி பங்குச் சந்தை ஃபண்டிலேயே இருக்கட்டும் என்று நான் பிரித்துக் கொடுத்தேன். அப்போது என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாய். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் மாதம், கொரோனா ஊரடங்குக்கு முந்தைய வாரம் அது. பள்ளியை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. நீ நேராக என்னிடம் வந்தாய். "சேலையூர்ல ஒரு வீடு பாத்திருக்கேன். ரெண்டு ரூம். அந்தம்மா தனியா இருக்கற டீச்சருக்குத் தர்றேன்னு சொல்லிட்டாங்க. அட்வான்ஸ் கட்டணும். பாப்பாவ கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னு இருக்கேன்டி. எடுத்துடலாமா?"

சந்தை அந்த வாரம் சரிந்து கிடந்தது. நான் போனைத் திறந்து பார்த்தேன். நீ போட்டதை விடக் குறைவாக இருந்தது. "இப்ப எடுத்தா நஷ்டம்டி. புஸ்தகத்துல படிச்சோமே, விழும்போது எடுக்கக் கூடாதுன்னு. ஆறு மாசம் பொறு, ஏறிடும்" என்றேன்.

"ஆறு மாசமா?"

"அதிகபட்சம் ஒரு வருஷம்."

நீ தலையாட்டினாய். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனாய். அடுத்த வாரம் ஊரே பூட்டப்பட்டது. உங்கள் வீட்டிலும் இரண்டே அறைதான்; அதற்குள் அவரும் நீயும் குழந்தையும். இணைய வகுப்பு எடுக்கும்போது கூட அவர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் என்று பிறகு சொன்னாய். எனக்கு நீ அழைத்தது அந்த மாதங்களில் மூன்றே முறை, மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகும்போது. "சேலையூர் வீட்டை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க" என்றாய் ஒருமுறை. எதிர்முனையில் ஈரத்துணியை உதறும் சத்தம் கேட்டது.

பள்ளி திறந்தபோது உன் பணம் ஏறியிருந்தது. நான் மகிழ்ச்சியாகத்தான் காட்டினேன். நீ திரையைப் பார்த்துவிட்டு, "காசு வந்துடுச்சு. அன்னிக்கு இருந்த தைரியம்தான் வரல" என்றாய். பாப்பா பத்தாவது முடிக்கட்டும் என்று நீயே தள்ளிப்போட்டாய். அவள் முடித்தாள். அந்தக் கோடையில்தான் உன் வயிற்றில் கட்டி என்றார்கள்.

மருத்துவமனையில் அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தாய். "அவளுக்குப் பதினெட்டு ஆகற வரைக்கும் வாயத் திறக்காத. இப்பச் சொன்னா கார்டியன்னு அவர் கையெழுத்து போட்டு வாங்கிடுவாரு. மூணாவது மனை வந்துடும்." அதற்குள் ஒரு நர்ஸ் வந்துவிட்டார். நீ எனக்குச் சொன்ன கடைசிச் செய்தி அதுதான்.

கல்லறைத் தோட்டத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருக்குத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். அதற்குப் பின் இரண்டு வருடங்கள், பாப்பாவைப் பள்ளி வாசலில் பார்க்கும்போதெல்லாம் சாப்டியா, படிக்கிறியா என்று மட்டும் கேட்டேன். அவளும் என்னை அம்மாவின் பழைய தோழி என்று மட்டுமே நினைத்தாள்.

பதினெட்டு முடிந்த வாரம் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். உன் கையெழுத்தை விரலால் தொட்டாள். பிறகு கேட்டாள்.

"அம்மாகிட்ட இவ்ளோ காசு இருந்துச்சா? அப்ப ஏன் ஆன்ட்டி போகல?"

"போறேன்னுதான் வந்தா. நான்தான் இப்ப வேணாம்னேன். மார்க்கெட் விழுந்திருந்துச்சு."

அவள் அந்த மார்ச் மாதத் தாளைத் தேடி எடுத்தாள். அதற்கு அடுத்த வருடத்துத் தாளையும் பக்கத்தில் வைத்தாள். "நீங்க சொன்ன மாதிரியே ஏறிடுச்சு" என்றாள். குத்திக்காட்டவில்லை. பார்த்ததைச் சொன்னாள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

படிப்புக்கும் விடுதிக்கும் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் இப்போது திருச்சியில் இருக்கிறாள். மீதி அவள் பெயரில் இருக்கிறது. அப்பாவிடம் தானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள், சொல்லியும்விட்டாள். அவர் என்னிடம் பேசுவதில்லை. அவளும் அடிக்கடி அழைப்பதில்லை. அழைத்தால் விடுதிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வாள்.

பள்ளியில் புதிதாக வந்த பெண்கள் சிலர் மதிய நேரத்தில் என்னிடம் வருகிறார்கள், எதில் போடலாம் டீச்சர் என்று. பணம் எப்போது வேண்டும் என்று முதலில் கேட்கிறேன். பதில் சொல்லும்போது எவளாவது மேசையைப் பார்த்தால், வங்கியில் சும்மா போட்டு வை, நினைத்த அன்று எடுக்கும்படி இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறேன். காரணம் கேட்பதில்லை.

நான் போட்ட கணக்கில் இன்று வரை பிழை இல்லை. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் சரியாகவே வருகிறது. அதிலிருந்து எனக்கு வெளியே வரத் தெரியவில்லை. அன்று நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே சொல்: "எடு, கிளம்பு." அவை இன்னும் என்னிடமே இருக்கின்றன.