பொத்தான் வைத்த ஸ்வெட்டர்

அன்புள்ள அம்மாவுக்கு லீதா எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதா?

மாஸ்கோ ஜுஜிட்சு போட்டியில் இறுதிச் சுற்றில் தோற்றேன். எதிராளி என் வலது கையைப் பூட்டி முறுக்கினாள். தோல்வியை ஒப்புக்கொண்டு தரையைத் தட்டியிருந்தால் விட்டிருப்பாள், நான் தட்டவில்லை. "தட்டித் தொலைச்சா என்னடி? பதக்கம் பெருசா, கை பெருசா?" என்று பயிற்சியாளர் அர்க்காதி கத்தினார். லேசான சுளுக்குதான், பயப்படாதே.

பயணம் நல்லபடி அமைய, புறப்படும் முன் ஒரு நிமிடம் உட்காரும் நம் வழக்கத்தை விட்டுவிட்டு ஓடினாயே, அதனால்தான் என்பாய். வீட்டுக்குக் கிளம்பும்போது நிதானமாக உட்கார்ந்துவிட்டே வருகிறேன். இனி எனக்கு என்ன அவசரம்?

உப்புவெள்ளரி ஜாடி அனுப்பாதே; மூடியைத் திறந்துதர இங்கே யாருமில்லை. அப்பாவின் ஸ்வெட்டர், முன்பக்கம் பொத்தான் வைத்தது, அதை அனுப்பு. வீட்டில் இருக்கும் என் இன்னொரு போட்டி உடையைப் பக்கத்து வீட்டுத் தயிசியாவுக்குக் கொடுத்துவிடு.

தபால் நிலையத்தை மூடப்போகிறார்கள். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, அம்மா. இடது கைக்கு இன்னும் பழகவில்லை.

உன் லீதா