தெய்வானையின் அம்மாவுக்கு, அவளோடு விளையாடுகிறவள் எழுதுவது

அன்புள்ள பழனியம்மா அக்காவுக்கு,

உங்களை அக்கா என்று கூப்பிட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் இருந்த வீட்டுக்கு, நீங்கள் போன பிறகு வந்தவள் நான். உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. உங்கள் குரலைக் கேட்டதில்லை. ஆனாலும் இந்த உலகத்தில் யாரை நினைத்தாவது எனக்கு வயிறு எரிந்திருக்கிறது என்றால் அது உங்களை நினைத்துத்தான். அதை உங்களிடமே சொல்லிவிடுவதுதான் முறை என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பேர் செல்லம்மா. பிறந்தது திருச்செங்கோட்டுப் பக்கம். அஞ்சாவது வரைக்கும் படித்ததால் எழுத வரும். உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டாம் தாரமாக ஓர் ஆவணி மாதம் இந்தச் சேலத்து நெசவுத் தெருவுக்கு வந்து சேர்ந்தேன்.

அப்போது தெய்வானைக்கு நாலு வயது. நான் வலது காலை எடுத்து வைக்கும்போது கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "எங்கம்மா ஆத்தூர் போயிருக்கா. வந்துடுவா" என்றாள். வந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நீங்கள் காய்ச்சலில் போன அன்றைக்கு அவளை அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். குழந்தை ஒன்றையும் பார்க்கவில்லை என்று எல்லாருக்கும் ஒரு நிம்மதி. கேட்டபோதெல்லாம், அம்மா பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியே ஒப்பேற்றியிருக்கிறார்கள். நீயும் அப்படியே சொல்லு என்றார் உங்கள் வீட்டுக்காரர். சரிங்க என்றேன். புதுப்பெண் வேறென்ன சொல்வாள்?

வீடு எப்படி என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? முன்கட்டு முழுக்கத் தறி. தறிக்குழிக்குள் குழந்தை விழுந்துவிடக் கூடாது, தறியில் பூட்டிய பாவு நூலில் கை வைக்கக் கூடாது, தெருவில் வண்டி மாடு. விடிந்ததிலிருந்து நான் ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு நடுவில் நாலு வயதுப் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே எப்படி வைத்துக்கொள்வது? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது. என் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

தெய்வானை உள்கட்டில் இருக்கிற கயிற்றுக் கட்டிலின் மேல் ஜமக்காளத்தைப் போட்டு நாலு பக்கமும் தொங்கவிடுவாள். அதற்குள் நுழைந்தால் ரயில். முன்னால் ஒரு முறம், அதன் மேல் கவிழ்த்து வைத்த அரிசிப் படி, அதுதான் இஞ்சின். புளியங்கொட்டைதான் டிக்கெட்டு. "அயோத்தியாப்பட்டணம்! எறங்குறவங்கல்லாம் எறங்குங்க!" என்று கத்துவாள். அப்புறம் வாழப்பாடி. அப்புறம் ஆத்தூர். நீங்கள் அவளை மடியில் வைத்துக்கொண்டு போனபோது சன்னல் வழியாகக் காட்டிய ஊர்களாம். வீட்டுக்கு வந்து நீங்களே ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு விளையாடக் கற்றுக் கொடுத்தீர்களாம்.

துணிப் பொம்மைக்கு டிக்கெட்டு உண்டு. பூனைக்கு உண்டு. அவங்க அப்பாவுக்குக்கூட உண்டு. நானும் ஒரு நாள் தாரை வைத்துவிட்டுப் போய்க் கையை நீட்டினேன்.

"எனக்கு ஒரு டிக்கெட்டு குடு சாமி."

"உங்களுக்கு இல்ல. இது எங்கம்மாகிட்ட போற ரயிலு."

முன்கட்டில் தறிச் சத்தம் நின்றது.

அக்கா, அந்தக் குழந்தையின் நாக்கிலும் நீங்கள்தான் இருந்தீர்கள். நான் "ஊட்டுக்குள்ள வா" என்பேன். "ஊடு இல்ல, வீடு" என்று திருத்துவாள். நீங்கள் ஆத்தூர்க்காரி, ஆத்தூர்ப் பேச்சையே அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்களைப் பற்றிப் பேசும்போது "அம்மா வருவா, அம்மா சொன்னா" என்பாள். என்னை மட்டும் "நீங்க". பாட்டன் பூட்டனுக்குக் கொடுக்கிற மரியாதை எனக்கு. சின்னம்மா என்று கூப்பிடச் சொல்லி எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். அவள் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. இந்த மரியாதை யாருக்கு வேண்டும்?

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் சண்டை போடலாம். குழாயடியில் நின்று நாலு வார்த்தை கேட்கலாம். உங்களிடம் எதைக் கேட்பது?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கஞ்சி போட்ட பாவு காயவில்லை, தெருவில் யாரும் இல்லை, பிள்ளை நாள் முழுக்க வீட்டுக்குள். அப்போதுதான் நான் உங்களோடு போட்டிக்கு இறங்கினேன். கேழ்வரகு மாவைப் பிசைந்து யானை செய்து கொடுத்தேன். "எங்கம்மா தும்பிக்கை இன்னும் நீளமா வெப்பா" என்றாள். காட்டாமணக்குக் காம்பை ஒடித்து, அதில் வடிகிற பாலில் நீர்க்குமிழி மாதிரி முட்டை ஊதிக் காட்டினேன். ஓடிவந்தாள், கை தட்டினாள், நாலு முட்டை உடைந்ததும் ரயிலுக்குப் போய்விட்டாள். விளக்கைக் கொளுத்திச் சுவரில் கையால் முயல் காட்டினேன். அதுவும் உங்களிடம் பார்த்ததுதானாம்.

ஒரு நாள் மத்தியானம் என் காலடியில் கழிவு நூல் குவிந்து கிடந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள். பாவுக்குப் போட்ட கஞ்சியும் சட்டியில் மிச்சம் இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, ஓர் ஓட்டை முறத்தைக் கவிழ்த்துக் கரிக்கட்டியால் ஒரு கிளி வரைந்தேன். கஞ்சியைத் தொட்டுத் தடவி, பச்சை நூலைப் பொடியாகக் கிள்ளி ஒட்டினேன். அவளைக் கூப்பிடவே இல்லை. என்பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தேன்.

மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூக்குக்குச் செவப்பு" என்றாள்.

"எனக்குச் செவப்பு எங்க இருக்குதுன்னு தெரியலியே?"

"இந்தா இருக்குது பாருங்க!"

சாயங்காலம் வரைக்கும் இருவரும் எழுந்திருக்கவில்லை. முழங்கை வரைக்கும் கஞ்சி, தலையெல்லாம் நூல். இறக்கைக்கு நீலம் வேண்டும் என்று தறிக்குழிக்கே போய் அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். கஞ்சிக் கையால் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, அதைப் பார்த்து வாய் விட்டுச் சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான். இதை நீங்கள் செய்ததில்லை. இது என்னுடையது. எவ்வளவு கர்வமாக இருந்தது தெரியுமா?

கிளி முடிந்ததும் முறத்தைத் தூக்கி நிறுத்திப் பார்த்தாள். "நல்லா இருக்குது. எங்கம்மா வந்ததும் காட்டணும்" என்றாள்.

நான் கஞ்சிச் சட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

தை பிறந்ததும் உங்கள் அண்ணன் ஆத்தூரிலிருந்து வந்தார். தங்கச்சி மகளைக் கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்புகிறேன் என்றார். ஆத்தூர் என்ற பேரைக் கேட்டதும் தெய்வானை குதித்த குதியை என்னவென்று சொல்ல! பாவாடை எடுத்து வைக்கவில்லை, பொம்மை எடுத்து வைக்கவில்லை. கிளி முறத்தை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டாள். அம்மாவிடம் போகிறோம் என்றே நினைத்துவிட்டாள். அவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் அண்ணனுக்கு எதுவும் புரியவில்லை. அந்தப் பொய்யைச் சொன்னவர்கள் நாங்கள்தானே, உங்கள் அண்ணன் இல்லையே.

தெரு முனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் போனாள். போகட்டும், அவங்க அம்மாவிடம்தானே போகிறாள் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. ரொம்பக் கசப்பான குரல்.

வாரம் ஒன்று போயிருக்கும். பிள்ளை சாப்பிடவில்லை, பேசவில்லை, வந்து கூட்டிப் போங்கள் என்று சந்தைக்கு வந்த ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் அடுத்த ரயிலுக்கே புறப்பட்டோம்.

உங்கள் அண்ணி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்த அன்னிக்கி ஒவ்வொரு ரூமா நுழைஞ்சு பாத்துதும்மா. நெல்லு வைக்கிற கூடைக்குள்ள, மாட்டுக் கொட்டாயில, கெணத்தடியில. ஒளிஞ்சு வெளையாடுதுன்னு நாங்க நெனைச்சோம். அப்புறம் ஒரு மூலையில ஒக்காந்துடுச்சு."

உள்ளே போனேன். மூலையில் முறம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதன் பக்கத்தில் உங்கள் மகள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"எங்கம்மா இங்க இல்ல" என்றாள், நான்தான் ஒளித்து வைத்திருப்பதுபோல.

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உங்கள் அண்ணன் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பெற்றவர் சொல்வார், தாய்மாமன் சொல்வார் என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன்.

"உங்கம்மா செத்துப் போயிட்டாங்க சாமி. காய்ச்சல்ல போயிட்டாங்க. இங்கயும் இல்ல, நம்ம ஊட்டுலயும் இல்ல. இனி வர மாட்டாங்க."

"ரயில்ல போனாக்கூட?"

"ரயில்ல போனாக்கூட."

அழவில்லை. எழுந்து முறத்தைத் திருப்பினாள். அப்புறம், "நீங்க படுங்க" என்றாள்.

படுத்தேன். கண்ணை மூடச் சொன்னாள், மூடினேன். முறத்திலிருந்து நூலைப் பிய்க்கிற சத்தம் கேட்டது. என் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துவைத்துக் கட்டினாள். ஒரு துண்டை எடுத்து என் கழுத்து வரைக்கும் போர்த்தினாள். அக்கா, பிணத்துக்குச் செய்கிற முறை அது. குழந்தை ஒன்றையும் பார்க்கவில்லை என்று சொன்னார்களே! அடுத்த வீட்டிலிருந்து எப்படியோ ஓடிவந்து, யார் காலுக்கு நடுவிலோ நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். இத்தனை நாளும் தான் பார்த்தது உண்மையா, நாங்கள் சொன்னது உண்மையா என்று தெரியாமல் தனியாக ரயில் ஓட்டியிருக்கிறாள்.

"சுமங்கலி இப்படிப் படுக்கலாமா! எந்திரிம்மா, அபசகுனம்!" என்று உங்கள் அண்ணி பதறினார். நான் அசையவில்லை. விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவள் நான் இல்லை.

தெய்வானை என்னைச் சுற்றி வந்தாள். அப்புறம் மார்பு மேல் கையை வைத்து உலுக்கினாள். "அம்மா. அம்மா, எந்திரி."

கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"எங்கம்மா எந்திரிக்கல" என்றாள். "நீங்க எந்திரிச்சிட்டீங்க."

அதற்கப்புறம்தான் அழுதாள். என் மடியில் விழுந்துதான் அழுதாள். கால்விரலில் கட்டியிருந்த நூலை அவிழ்க்கக்கூட எனக்கு வழியில்லை.

இப்போது சொல்லுங்கள், நான் பொறாமைப்படாமல் எப்படி இருப்பேன்? முதன்முதலாக அவள் வாயால் "அம்மா, எந்திரி" என்று கேட்டேன். உங்களைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். ஆனால் அது என்னைக் கூப்பிட்டதா? செத்துக் கிடக்கிற உங்களைத்தானே கூப்பிட்டாள்? அம்மா என்ற சொல்லைக் கேட்க எனக்கு உங்கள் இடத்தில் பிணமாகப் படுக்க வேண்டியிருந்தது. அந்தச் சொல் இன்னும் உங்களுடையதுதான்.

அவளைச் சேலத்துக்குக் கூட்டிவந்தோம். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தப் படுக்கிற விளையாட்டைப் பங்குனி வரைக்கும் விளையாடினோம். சில நாள் நான் படுப்பேன், சில நாள் பொம்மை, சில நாள் அவள். தெருவில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். அப்புறம் ஒரு நாள் அவளே, "இது வேண்டாம், வேற வெளையாடலாம்" என்றாள். சின்னம்மா என்று கூப்பிட்டதும் அன்றைக்குத்தான்.

இங்கே நடக்கிறதையும் சொல்லிவிடுகிறேன். தெய்வானைக்கு ஏழு நடக்கிறது. பள்ளிக்கூடம் போகிறாள். கணக்கு வருகிறது, எழுத்துத்தான் கோணல். அவளுக்கு ஒரு தம்பி, என் வயிற்றில் பிறந்தவன், தத்தித் தத்தி நடந்து எல்லாவற்றையும் இழுத்துப் போடுகிறான். அவனை வீட்டுக்குள் அடக்கி வைக்கிறவள் அவள்தான். சட்டியையும் கரண்டியையும் கொடுத்து மேளம் அடிக்க விடுகிறாள். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி இலையை மிதக்க விடுகிறாள். அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் வாசலில் புரண்டு அழுகிறான். நான் தூக்கினால் என் மூக்கைப் பிடித்துத் தள்ளுகிறான். எனக்கு வாய்த்த தலையெழுத்தைப் பாருங்கள், இப்போது உங்கள் மகள் மேலும் பொறாமை.

இதை மட்டும் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். முந்தாநாள் தெய்வானையின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள்.

"சின்னம்மா, எங்கம்மா நெட்டையா, குட்டையா?"

"உனக்கு ஞாபகம் இல்லியா சாமி?"

"இல்ல. மொகமும் வர மாட்டேங்குது."

நான் எப்படிச் சொல்வேன்? உங்களைப் பார்த்திருந்தால்தானே! அவரிடம் போய்க் கேட்டாள். அவர் தறியை நிறுத்திவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. மறுபடி தறியில் நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டார். உங்கள் படம் ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை. உங்கள் சேலைகளை நீங்கள் போன அன்றைக்கே யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? இத்தனை நாள் போட்டி போட்டேனே, ஜெயித்துவிட்டேனே? இல்லை அக்கா. பயம்தான் வந்தது. நீங்கள் அவளுக்குள்ளிருந்தும் போய்விட்டால், நான் யாரோடு போட்டி போடுவது? யானைக்குத் தும்பிக்கை நீளம் போதாது என்று எனக்கு யார் சொல்வது?

வருகிற சித்திரைக்குப் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு ஆத்தூர் போகிறேன். உங்கள் அண்ணியிடம் கேட்பேன், நீங்கள் தண்ணீர் எடுத்த கிணற்றடியில் நிற்கிறவர்களிடமெல்லாம் கேட்பேன். நெட்டையா குட்டையா, எப்படிச் சிரிப்பீர்கள், எதற்குக் கோபம் வரும், எந்தக் கையால் பிள்ளையை இடுக்கிக்கொள்வீர்கள். ஒன்று விடாமல் கேட்டு வந்து அவளுக்குச் சொல்லுவேன். சொல்லும்போது எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும். உங்கள் மகள் உங்களை மறந்து போக நான் விட மாட்டேன். இது சத்தியம்.

உங்களுக்குப் பின்னால் வந்த தங்கச்சி,
செல்லம்மா